போன் வீட்டுப் பேரம்

எனக்கு முதல் வேலை கொடுத்த டெலிபோன் விற்பனை ஆபீஸ் மவுண்ட் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷினைப் போனில் பேசியே விற்க வேண்டும். எர்ணாவூரில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவளை இதற்கென்றே தேடிப் பிடித்தார்கள் போலிருக்கிறது. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள் அவை. ஹெட்போனைத் தலையில் மாட்டியதும் ஏதோ விமானத்தையே நான்தான் இறக்கப் போகிறேன் என்று எனக்கு நினைப்பு.

சூப்பர்வைசர் டை கட்டியவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வந்த அன்றே சட்டங்களைச் சொல்லிவிட்டார். "இன்னா", "கீது" எதுவும் வாயில் வரக்கூடாது. விலையைக் குறைப்பதாகப் போனில் யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு. முதல் வாரத்துக்குள் ஒரு வீட்டையாவது "ஆளை அனுப்பி மிஷினைக் காட்டுங்கள்" என்று சொல்ல வைக்க வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை வரத் தேவையில்லை.

வராவிட்டால் திங்கட்கிழமை எங்கே போவேன் என்பது எனக்குத் தெரியும். காத்திவாக்கம் பக்கம் அம்மா வேலை செய்த இறால் கம்பெனிக்கு. காலேஜ் லீவில் அங்கே போய் ஐஸில் கையை விட்டு இறால் உரித்திருக்கிறேன். விரல் மரத்துப்போய் சாயங்காலம் ஜடை பின்னக்கூட முடியாது. பி.காம். படித்துவிட்டு மறுபடி அங்கேயே போக எனக்கு மனசில்லை. அங்கே மேஸ்திரி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பதாக அம்மாவிடம் சொல்லியும் இருந்தார்.

"இன்னா"வை அடக்குவதுகூடப் பெரும்பாடாக இல்லை, விற்பதுதான் பாடு. தண்ணீர் என்று வாயெடுத்தாலே அந்தப் பக்கம் இருப்பவர் லாரி வராத கதையை ஆரம்பித்துவிடுவார். "எங்க ஏரியாவிலும் அதே கதைதாங்க" என்று நானும் சேர்ந்துகொள்வேன். ஊரில் பாதிப் பேர் எனக்குச் சினேகிதம் ஆனார்கள், ஒருவரும் மிஷின் கேட்கவில்லை. "நீ விக்க வந்தியா, துக்கம் விசாரிக்க வந்தியா?" என்றார் சூப்பர்வைசர்.

சனிக்கிழமை மத்தியானம்வரை ஒரு வீடும் சிக்கவில்லை. அப்புறம் கையில் கொடுத்த நம்பர்கள் எங்கள் பக்கத்தவை. ஒன்றைப் போட்டேன். "ஆரு?" என்று கேட்டது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். எங்கள் தெருவின் போன் வீட்டு அக்கா. போனும் குழாயும் இருந்த ஒரே வீடு அது. தெருவில் யாருக்குப் போன் வந்தாலும் அந்த அக்காதான் போய்க் கூப்பிட்டு வருவார்.

வைத்துவிடலாமென்றால் சூப்பர்வைசர் பின்னால் நின்று இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ் எனக்கு வைத்த பெயரைச் சொல்லி, ஆபீஸ் குரலில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"நல்லாத்தான் கீதும்மா. ஆனா பேரம் பேச நமக்கு வராது. இரு, அவங்கள இட்டாறேன்."

எங்கள் தெருவில் அது வழக்கம். பாய் விற்பவர், பாத்திரம் விற்பவர், எவர் வந்தாலும் பேரம் பேச ஒரே ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஆள் சரி என்றால்தான் எதையும் வாங்குவார்கள். அது என் அம்மா.

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "லைனைக் கட் பண்ணிட்டு அடுத்த நம்பர் போடு" என்றார் சூப்பர்வைசர். எப்படிக் கட் பண்ணுவது? ஒரு மனுஷி நமக்காக வெயிலில் ஆளைக் கூப்பிடப் போயிருக்கிறார். வந்து எடுக்கும்போது லைனில் ஆள் இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் அதைவிட அவமரியாதை கிடையாது. "ஒரு நிமிஷம் சார்" என்று கையைக் காட்டிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் முறைத்தார். காதில் எங்கள் தெருச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு இறால் வரத்து இல்லையென்று அம்மா வீட்டில்தான் இருந்திருக்கிறாள். வந்து எடுத்தாள். "சொல்லும்மா."

"வணக்கம் மேடம்" என்றேன். பெற்றவளை மேடம் என்று கூப்பிட்டதற்கு எந்தக் கோயிலில் பரிகாரமோ.

அம்மா ஆரம்பித்தாள்.

"இந்த மிஷின வச்சா தண்ணி வருமா?"

"இல்லை மேடம், வருகிற தண்ணீரைச் சுத்தம் செய்யும்."

"தண்ணிய நீ குடு. சுத்தம் நாங்க பண்ணிக்கிறோம்."

சூப்பர்வைசர் இருமினார்.

"கரண்டு வேணுமா?"

"ஆமாம் மேடம்."

"எங்க பக்கம்தான் கரண்டே செய்றாங்க. எங்களாண்டதான் அது வர்றதில்ல. சரி, வெல இன்னா?"

சொன்னேன். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பாதியில் ஆரம்பிப்பாள். "அப்ப போய்ட்டு வா" என்பாள். தெருமுனைவரை போன வியாபாரிகள் தாங்களே திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். "பார்த்துப் பண்ணிக்கலாம் மேடம்" என்பது என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. சொன்னால் வேலை போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

"சரி" என்றாள் அம்மா. "நாளிக்கி ஆள வரச் சொல்லு." வைத்துவிட்டாள்.

"பாத்தியா, பொறுமையா வெயிட் பண்ணா கஸ்டமர் தானா வருவாங்க" என்றார் சூப்பர்வைசர், ஏதோ அவரே சொல்லிக் கொடுத்த மாதிரி.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை ஆபீஸ் உண்டா என்று மட்டும் கேட்டாள். உண்டு என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"நான்தான்னு எப்ப தெரிஞ்சுது?"

"வணக்கம்னியே, அப்பவே."

"அப்புறம் ஏன் பேரம் பேசல?" தெருவே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று போன் வீட்டு அக்கா வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஒரு தபா கேட்டா போதும், நீ கொறச்சிடுவ. ஒன்ன பத்தி எனக்குத் தெரியாதா? கொறச்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு நீதான சொன்ன."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை, அடுத்த மீனை எடுத்தாள்.

"நாளிக்கி ஒர்த்தன் வர்றான்ல" என்றாள். "அவனாண்ட பேசிக்கிறேன்."