ஆளில்லாத கயிறு

என் தங்கை மகளைச் சொந்தத்தில் ‘சுவர்க்காரி’ என்றுதான் கூப்பிடுவோம். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் முழங்கையில் பெயின்ட் ஒட்டியிருக்கும். இந்த நாடு யார் யாரை மறந்தது என்று சுவர் சுவராக வரைந்து, இரண்டு தடவை போலீஸ் ஸ்டேஷன் போய் வந்தவள்.

அவளிடமே நகராட்சிக்காரர்கள் பேருந்து நிலையச் சுவரைக் கொடுத்தார்கள். சுதந்திரத்தன்று துறைமுகத்தில் முதல் கொடி ஏறிய காட்சி வேண்டுமாம். வரைந்தாள். தலைவர்கள் வரிசையாக நிற்க, கயிற்றை இழுப்பது என் தம்பி. அவளுக்குத் தாய்மாமன்.

அதில் பொய்யில்லை. கொடிமரத்து வேலை அவனுடையது. அன்று இழுத்தவன் அவன்தான். கூட்டத்தில் நானும் நின்றேன். பிறகு ஒரு சட்டம் வந்தது. எங்கள் தாத்தா கப்பலில் வந்தவராம், அதனால் தம்பி அந்நியனாம். நானும் தங்கையும் வாழ்க்கைப்பட்ட வீட்டைக் காட்டித் தப்பித்தோம். அவன் சாகும்வரை எந்த நாட்டுக்காரனும் இல்லை.

திறப்பு விழாவுக்கு முன்னால் நகராட்சி அதிகாரி வந்தார்.

“ஏம்மா, கயிறு புடிச்சிருக்கிறது யாரு?”

“எங்க மாமா சார்.”

“இது என்ன உங்க வீட்டு ஆல்பமா?”

“உங்க தலைவர் இழுத்திருந்தா அவரையே வரைஞ்சிருப்பேன்.”

“அந்த ஆளு இந்த நாட்டுக்காரனே இல்ல. நாளைக்குள்ள எடுத்துடு. இல்லேன்னா சுவர் முழுக்க வெள்ளையடிச்சிடுவோம்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான், “எடுக்காதேடி” என்றேன். அவள் ஏணியில் ஏறினாள். தம்பியின் முகமும் தோளும் வான நீலத்துக்குள் போயின.

“உன் மாமன நீயுமா தொரத்துற?” என்று திட்டினேன்.

“வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க பெரியம்மா. அப்புறம் திட்டுங்க.”

மறுநாள் போனேன். ஆள் இல்லை. கயிறு இருந்தது. தொங்கவில்லை, யாரோ முழு பலத்தோடு இழுப்பதுபோல் விறைப்பாகச் சாய்ந்து வெறுங்காற்றில் நின்றது. தலைவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க, கொடி அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரி ஆள் போனதை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாராம்.

இப்போது தினமும் அந்த பெஞ்சில்தான் இருக்கிறேன். பேருந்துக்கு நிற்பவர்களில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை.

“ஏம்மா, அந்தக் கயித்த யாரு இழுக்கிறது?”

“என் தம்பி. பஸ் போனாப் போகுது, உக்காருங்க, சொல்றேன்.”