பிற்பகல் மூன்று மணிச் சோதனை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் தொடங்குமுன், எங்கள் மருத்துவமனையின் ஸ்ரீரங்கம் கிளையில் புதிய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை வைத்தேன்.
2. அடுத்த வாரத்திலிருந்து, போன் செய்தவர்கள் ரிசப்ஷனில் இருந்த அக்காவைப் பற்றிப் புகார் சொன்னார்கள். பேச்சை விழுங்குகிறார், பாதியில் வைத்துவிடுகிறார் என்று.
3. போனைச் சோதிக்க என்னை அனுப்பினார்கள். பிற்பகல் மூன்று மணிக்குச் சோதித்தேன்.
4. போனில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.
5. அக்காவைத் தில்லை நகர் தலைமைக் கட்டடத்தின் ரெக்கார்ட் ரூமுக்கு மாற்றினார்கள்.
6. குறை இருந்தது. அது நான் செய்தது.

ஸ்விட்ச் என்பது ஒரு கட்டடத்தின் கணினி, போன், ஸ்கேன் கருவி எல்லாவற்றின் கம்பிகளும் வந்து சேரும் பெட்டி. ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகருக்கு எங்களுக்கு இருப்பது ஒரே இணைப்பு; ஸ்கேன் படங்களும் வெளியாரின் போன் அழைப்புகளும் அதன் வழியாகத்தான். அதில் இடம் இருக்கும்வரை யார் முதலில் போவது என்ற கேள்வி இல்லை. நெருக்கடி வந்தால் பெட்டிதான் முடிவு செய்யும். ஸ்கேன் படம் தாமதமாகப் போனாலும் முழுதாகப் போய்ச் சேரும். பேச்சு அரை நொடி தாமதித்தாலே பயனில்லை. அதனால் போன் தன் பேச்சின்மேல் அவசரக் குறி ஒன்றைப் போட்டு அனுப்பும். அந்தக் குறியை நம்பு என்று பெட்டிக்கு ஒரு வரியில் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் குறியை அழித்துவிட்டு, பேச்சையும் படங்களோடு ஒரே வரிசையில் நிறுத்திவிடும்; வரிசை நிரம்பினால் பேச்சுத் துண்டுகளைத் தூக்கி எறியும்.

பழைய பெட்டியின் அமைப்பைத்தான் புதியதில் நகலெடுத்தேன். மாடல் வேறு என்பதால் அந்த ஒரு வரியை அது ஏற்கவில்லை. திரையில் பிழைச் செய்தி வந்திருக்கும். மற்ற வரிகளோடு அதுவும் மேலே ஓடிப்போனது.

ஸ்கேன் படங்கள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை போகும். மூன்று மணிக்கு இணைப்பு காலியாகக் கிடக்கும்.

நான் சோதிக்கப் போன அன்று, தொட்டியத்திலிருந்து ஒருவர் தன் அம்மாவைக் காலையில் வெறும் வயிற்றோடு பஸ்ஸில் அழைத்து வந்து, கிளை மேலாளரைப் பார்க்கக் காத்திருந்தார். டாக்டர் விடுப்பு. முந்தின நாள் காலையில் போன் செய்தபோது யாரும் சொல்லவில்லை என்றார். அக்கா, தான் சொன்னதாகச் சொன்னார். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் கேட்டார்.

"வாயில வெத்தலையை வச்சுக்கிட்டா பேசுறீங்க?"

"வெத்தலை போட்டிருந்தா கொஞ்சமாவது செவந்திருக்கும்ல சார்," என்றார் அக்கா.

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு அவருடைய போனிலிருந்து பத்து முறை பேசிப் பார்த்தேன். பத்தும் தெளிவாக இருந்தன.

அக்காவின் கணவர் படுத்த படுக்கையாக இருப்பவர். கிளையிலிருந்து வீடு நடக்கும் தூரம். மதியம் போய்ச் சோறு ஊட்டிவிட்டு வந்துவிடுவார். அந்த நாற்காலியை விடாமல் வைத்திருந்தது அதற்காகத்தான். தில்லை நகரிலிருந்து மதிய இடைவேளையில் ஆற்றுப் பாலம் தாண்டிப் போய்வர முடியாது. இதை அவர் மேலாளரிடம் சொன்னாராம். மேலாளர் என் அறிக்கையை எடுத்துக் காட்டினாராம்.

அவர் இடத்துக்குப் புதிதாக வந்த பெண்ணைப் பற்றியும் ஒரே வாரத்தில் அதே புகார் வந்தது. இந்த முறை காலை பதினொரு மணிக்குப் போனேன். பெட்டி தூக்கி எறிந்த பேச்சுத் துண்டுகளின் எண்ணிக்கை நான் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. அந்த மாடலுக்கு உரிய விதத்தில் வரியை எழுதிச் சேர்த்தேன். எண்ணிக்கை நின்றது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மேலாளரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரி பண்ணிட்டீங்கல்ல, விடுங்கம்மா. அவங்களும் அங்க பழகிட்டாங்க."

ரெக்கார்ட் ரூம் தரைக்குக் கீழே இருக்கிறது. அக்கா பழைய கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை, எது முதலில், எது பிறகு என்று வரிசையாகச் சொன்னேன். கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டவர், பிறகு பேசினார்.

"காலைலதாங்க இப்படி ஆகுது, காலைல வந்து பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேன்."

சொன்னார். நான் அதை அறிக்கையில் சேர்க்கவில்லை. இடம் இல்லாமல் இல்லை. ரிசப்ஷனில் இருப்பவர் நெட்வொர்க்கைப் பற்றிச் சொல்வது ஒரு தகவல் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் கையால் ஒதுக்கினார்.

"எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது? எழுதிக் குடுங்க. அதையும் எழுதித்தானே குடுத்தீங்க."

அன்றே எழுதினேன். ஒரு பக்கம். முதல் அறிக்கை தவறு, குறை ஸ்விட்ச்சில், அமைத்தது நான், அவரைப் பழைய இடத்துக்கே அனுப்ப வேண்டும். மேலாளருக்கு ஒரு பிரதி, நிர்வாக அலுவலகத்துக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. அக்கா படித்துப் பார்த்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கடிதம் கொடுத்து ஏழு வாரம் ஆகிறது. இரண்டு முறை நேரில் கேட்டேன்; பார்க்கிறோம் என்றார்கள். ஸ்ரீரங்கம் கிளையில் போன் இப்போது காலையிலும் தெளிவாகக் கேட்கிறது. ரிசப்ஷனில் அந்தப் புதிய பெண்ணே இருக்கிறார். அக்கா ரெக்கார்ட் ரூமில் இருக்கிறார். அவர் கணவருக்கு மதியச் சோறு பக்கத்து வீட்டம்மா ஊட்டுகிறார், தனக்குத் தோதுப்படும் நாட்களில்.