ஆச்சுங்க

போன வாரம் ஒரு பெண் கணக்கெடுப்புக்கு வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லெட். வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு ஃப்ரிட்ஜ் இருக்குங்களா, ஏசி இருக்குங்களா, வண்டி எத்தனைங்க என்று கேட்டுக் கேட்டு விரலால் தட்டினாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். இன்னும் ஏகப்பட்ட வீடு பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். ஐந்தே நிமிடத்தில் எங்கள் குடும்பத்தின் யோக்கியதை முழுவதும் அந்தக் கண்ணாடிக்குள் போய்விட்டது. அவள் போன பிறகு, எங்கிருந்து வந்ததோ, சைக்ளோஸ்டைல் மையின் வாசனை மூக்கில் ஏறியது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது தெரியாது. மண்ணெண்ணெயும் பழைய காகிதமும் சேர்ந்த மாதிரி ஒரு நெடி. நாள் முழுக்கக் கையை விட்டுப் போகாது.

நானும் ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெள்ளகோவிலிலிருந்து கோவைக்கு வந்து, பெண்கள் விடுதியில் தங்கி, டிகிரியை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தபோது கிடைத்த முதல் வேலை. ஒரு சர்ச் காம்பவுண்டின் பின்பக்க அறையில் ஏழைகள் உதவிச் சங்கம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் எனக்கு 'இல்ல விசாரணையாளர்' என்று பெரிய பெயர். உதவி கேட்டு மனுப் போட்டவர்களின் வீட்டுக்கு நேரில் போய், அவர்கள் நிஜமாகவே ஏழைகள்தானா என்று பார்த்து எழுத வேண்டும். கஞ்சி போட்ட காட்டன் சேலை, குடை, எலாஸ்டிக் வைத்த ஃபைல் சகிதம் நான் சந்துக்குள் நுழைந்தால் பிள்ளைகள் 'டீச்சர் வருது' என்று ஓடி ஒளியும். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு பக்கம், சைக்ளோஸ்டைலில் நகல் எடுத்தது. எந்தக் காலத்திலோ இங்கே இருந்த ஒரு துரைசானி தன் ஊரிலிருந்து கொண்டுவந்ததாம். அதைத் தமிழில் பெயர்த்தவர் யாரோ, ஒரு கேள்வியையும் விட மனசில்லாமல் பெயர்த்திருந்தார். 'கணப்பில் நெருப்பு இருந்ததா? கரி இருப்பு எவ்வளவு?' என்று ஒரு கேள்வி. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து அதற்கு நேராக 'பொருந்தாது' என்று எழுதுவேன். 'கம்பளிப் போர்வைகள் எத்தனை?' அதற்கும் பொருந்தாது.

சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கெட்டவர் இல்லை. தன் பென்ஷனிலிருந்தே பல பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அந்தப் படிவம் அவருக்கு வேதம். இங்கிலாந்து நகரங்களில் நூறு வருஷத்துக்கு முன்னால் தொப்பியும் கையுறையும் போட்ட சீமாட்டிகள் இருட்டுச் சந்துகளில் மாடியேறிப் போய் இப்படித்தான் ஏழைகளைத் தரம் பிரித்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார். உழைக்க மனமிருந்தும் நொடித்தவன் தகுதியுள்ள ஏழை. குடிகாரன், சோம்பேறி, இருப்பதை மறைப்பவன் எல்லாம் தகுதியில்லாத ஏழை. முதல் வகைக்கு அரிசி, இரண்டாம் வகைக்கு ஆலோசனை. அவர் சொன்னபோது எனக்கு அது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது. பசியைத் தரம் பிரிக்க முடியுமா என்று கேட்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

ராஜாமணி அக்காவின் மனு வந்தது அந்தச் சமயத்தில்தான். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில் மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய வீட்டுக்காரர் பழனிசாமி அங்கே ஸ்பின்னிங்கில் இருந்தவர். இன்றைக்குத் திறந்துவிடுவார்கள், நாளைக்குத் திறந்துவிடுவார்கள் என்று ஷிஃப்ட் நேரத்துக்குத் தினமும் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு மில் கேட்டுக்குப் போய் நின்றுவிட்டு வருவார். இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் மகேஸ்வரி எட்டாவது. வாரம் ஒரு படி அரிசியும் பெரியவளின் படிப்புக்கு உதவியும் கேட்டிருந்தார்கள். அரிசி வந்தால் அவளைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கலாம், வராவிட்டால் ஏதாவது மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்க அனுப்ப வேண்டும் என்று மனுவிலேயே எழுதியிருந்தது. மகேஸ்வரியின் கையெழுத்துதான். குண்டு குண்டாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

நான் போனது மத்தியானம் இரண்டு மணிக்கு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் ஒரே அறை. ராஜாமணி அக்கா பதறிப்போய்ப் பாயை உதறிப் போட்டார். "வாங்க அம்மணி, உக்காருங்க. இதோ வந்தர்றனுங்க" என்று பின்வாசல் வழியாக எங்கோ போய்விட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. நல்ல கெட்டிப் பாலில், சர்க்கரை தூக்கலாக. விடுதியில் தண்ணிக் காப்பி குடித்துக் குடித்துச் செத்திருந்த நாக்கு. ருசித்துக் குடித்தேன். குடித்துக்கொண்டே, மத்தியானச் சாப்பாடு முடிந்ததா என்று படிவத்தில் இருந்தபடி கேட்டேன்.

"ஆச்சுங்க" என்றார்.

நான் கொங்குநாட்டுக்காரி. ஆச்சுங்க என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டாத நாளில்கூட, சாப்பாடாச்சா என்று வாசலில் யாராவது கேட்டால் அம்மா வாய் நிறைய அதைத்தான் சொல்லுவாள். கேட்டவருக்குச் சங்கடம் வரக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் கையில் ஃபைல் வந்த பிறகு எனக்குக் காது வேறாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம் நான் சிபாரிசு செய்த ஒரு வீட்டில் டிவி இருந்தது தெரிந்து செயலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இனிமேல் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது என்று முடிவு. எழுதினேன்: 'பால், சர்க்கரை, காப்பித்தூள் வீட்டில் உள்ளன. மதிய உணவு உண்டதாகத் தெரிவித்தார். வீடு சுத்தமாக உள்ளது.' எல்லாம் உண்மை. செயலாளர் சிவப்பு மையில் 'தகுதி இல்லை' என்று எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு மனுவுக்காக அதே லைனுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. என்னைப் பார்த்ததும் அவள் முகம் கறுத்தது. "அன்னைக்கு ராஜாமணி ஊட்டுல நீங்க குடிச்சது என்ற கொழந்தைக்கு வெச்சிருந்த பாலுங்க. சக்கரை அந்தக் கோடி ஊட்டுல வாங்குனா. அவீங்க ஊட்டுல ரெண்டு நாளா ஒலை வெக்கலீங்க" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. மகேஸ்வரியை வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் கரூர் ரோட்டில் இருக்கிற நூல் மில் ஹாஸ்டலுக்கு மூணு வருஷத்துக்கு அனுப்பிப்போட்டார்கள் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

நேராக ராஜாமணி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்ட தொனி கோபமாகத்தான் இருந்தது. தப்பு நம்முடையது என்றால் கோபம் அடுத்தவர் மேல்தானே வரும். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஊட்டுக்கு வந்தவீங்ககிட்ட எப்படீங் கண்ணு பசீன்னு சொல்றது?" என்றார். அவருக்கு நான் விசாரணைக்கு வந்தவள் இல்லை, விருந்தாளி. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

செயலாளரிடம் போய் அழுதேன். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் ஒருமுறை தள்ளிய மனுவை ஒரு வருஷத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது என்பது விதியாம். மேஜையில் ஃபைலை வீசிவிட்டு வந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்கும் பெருமைதான். அப்படிச் செய்யவில்லை. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். ஒன்று மட்டும் செய்தேன். யார் வீட்டில் என்ன இருந்தாலும் உணவு இருப்புக்கு நேராக 'இல்லை' என்று எழுதினேன். அப்படி எழுதிக் கிடைத்த அரிசி எத்தனையோ வீட்டுக்குப் போனது. ராஜாமணி அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வருஷம் முடிவதற்குள் அவர்கள் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்து உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என் கையைத் தொட்டாள். ஒடிசலாக, இடுப்பில் குழந்தையோடு, பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டு. மகேஸ்வரி என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. அம்மா போன தையில் தவறிவிட்டதாகச் சொன்னாள். "அம்மா உங்களெ ஒரு வார்த்தை கொறையாச் சொன்னதில்லீங்க டீச்சர்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. "வாரனுங்க" என்று குழந்தையின் கையை எடுத்து ஆட்டிவிட்டு ஏறிப் போனாள்.

சங்கம் இப்போது இல்லை. செயலாளர் இறந்த பிறகு படிவங்கள் எல்லாம் பழைய பேப்பர்க் கடைக்குப் போயின. லைன் வீடுகளை இடித்து அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். மில் இருந்த இடத்தில் ஜவுளிக் கடை. அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை, அவை போனால் போகட்டும். நாலு பக்கத்துக்குக் கேள்வி கேட்டு எழுதிப் பழகியவள், அன்றைக்கு மகேஸ்வரியிடம் எந்த ஊரில் இருக்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. பஸ்ஸில் என்ன ஊர் எழுதியிருந்தது என்றும் பார்க்கவில்லை.