வீட்டாரைக் கேட்டுச் செய்தி சொன்ன அம்மா

அம்மா இல்லாமல் ஓர் ஆண்டு கழிந்துவிட்டது. இன்றைய திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். ஆறுதலாக எழுதச் சொன்னார்கள். எனக்கு அது வரவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா தியாகதுருகத்தில் கூலி வேலை செய்தவர்களின் மகளாகப் பிறந்தார். கள்ளக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அப்பா கேபிள் இணைப்பு கொடுக்கும் தொழிலில் இருந்தார். அப்பா கம்பத்திலிருந்து விழுந்து இறந்ததும் தொழிலை விற்றுவிடச் சொன்னவர்களே அதிகம். அம்மா விற்கவில்லை. போதாததற்கு ஓர் உள்ளூர் சேனலையும் தொடங்கினார். ஒரு கேமரா, ஒரு கணினி, நீலத்துணி தொங்கும் ஓர் அறை. காலையில் காய்கறி விலை, மாலையில் ஊர்ச் செய்தி, இடையிடையே பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும்.

தொடங்கிய புதிதில் ஒரு தப்பு நடந்தது. வடக்கனந்தலில் ஒருவர் இறந்துபோக, அதே பெயருள்ள இன்னொருவரின் படம் அஞ்சலியில் ஓடிவிட்டது. அம்மா மறுநாளே பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனார். "உசுரோட கீற மனுசனுக்கு மால போட்டுட்டியேம்மா" என்று அந்த வீட்டுப் பெண் அழுதாராம். அதன் பிறகு, யார் வந்து சொன்னாலும், இறந்தவர் வீட்டாரிடமே கேட்காமல் அம்மா அஞ்சலி போட்டதில்லை. "வூட்டுக்குப் போன் போட்டியா? கேட்டுட்டு வந்து பேசு" என்பார். பிறகு அம்மாவின் சேனலில் அஞ்சலி வந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுத்தான் ஊரார் மாலை வாங்கப் போனார்கள். அம்மா சம்பாதித்தது அந்த ஒரு நல்ல பேர்தான்.

கல்வராயன் மலைக்கு எங்கள் கேபிள் போகவில்லை. ஆனாலும் அம்மா கேமராவோடு போவார். அங்கே மலைக்கிராமம் ஒன்றில், சாலை இல்லாததால் தங்கராசு அண்ணனின் மனைவியைப் பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கி வந்தபோது, பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. அதைச் செய்தியாகப் போடலாமா என்று அம்மா அவரைக் கேட்டார். "எங்களுக்கு ஒங்க டிவி தெரியாதுங்க. கீழ கீறவங்களாவது பாக்கட்டும்" என்றார் அவர். பல நாள் போட்டோம். கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள். சாலை வரவில்லை.

பெரிய நிறுவனங்களின் செட்டாப் பெட்டிகள் வீடுகளுக்கு வந்ததும் எங்கள் இணைப்புகள் உதிர்ந்தன. மிச்சத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. சேனலை நிறுத்திய பிறகு அந்த அறையில் கைப்பேசிக் கடைதான் வந்தது. அந்தத் தெரு வழியாகப் போவதை அம்மா விட்டுவிட்டார்.

சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் கிடந்தபோது, வாட்ஸப் குழுக்களில் அம்மாவுக்குக் கண்ணீர் அஞ்சலி வந்தது. யார் கிளப்பியது என்று இன்றுவரை தெரியாது. உளுந்தூர்பேட்டை உறவினர்கள் மாலையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர் கைப்பேசியில் அம்மாவும் அதைப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் போட்டுகீறாங்க. வூட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கலியே" என்றார். பிறகு என்னிடம், "இன்னா பாத்துக்கினு நிக்கிற? இல்லன்னு போடு" என்றார்.

போட்டேன். "அம்மா நலமாக இருக்கிறார், வதந்தியை நம்ப வேண்டாம்" என்று எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். அதற்கடுத்த வாரம் அம்மா நிஜமாகவே இறந்தார். நாங்கள் அனுப்பிய இறப்புச் செய்திக்குக் கீழே, நாங்கள் முன்பு அனுப்பிய மறுப்பையே எடுத்துப் போட்டார்கள். முதலில் மாலையோடு வந்தவர்கள் இந்த முறை வரவில்லை. வாடகை நாற்காலிகளில் பாதியைப் பிரிக்கவே இல்லை.

தோள் கொடுத்த அண்டை வீட்டார், கல்லறை வரை வந்த பங்கு மக்கள், சேனலில் உடன் உழைத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வராதவர்கள் மேல் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

தங்கராசு அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. அம்மா இறந்த அன்று போன் செய்து கேட்டவர் அவர் ஒருவர்தான். "அம்மா தவறிட்டாங்கன்னு வந்துகீது. வூட்ல கேக்காம நம்பக் கூடாதுன்னு அவங்கதான் சொல்வாங்க. அதான் கேக்குறேன், நெசமாங்க?"

"நெசந்தாண்ணே" என்றேன். அவர் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.