ஓடும்போது பிடுங்கிய ஒயர்

சூளகிரி தொழிற்பேட்டையில் மாம்பழ ஜூஸ் அடைக்கும் அந்தக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் முனிலட்சுமி ஒருத்திதான். தக்காளித் தோட்டங்களில் கூலி வேலை செய்த கங்கப்பனின் மகள், ஐ.டி.ஐ. முடித்தவள். மெஷினோடு வரும் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது.

பாதுகாப்பு வாரத்தின் முதல் நாள். பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ரேவதி மேடம் வருகிறார். அதற்குள் லேபிள் ஒட்டும் புது மெஷின் ஓடியாக வேண்டும். அதில் லேபிள் சுருளை இழுப்பது ஒரு ஸ்டெப்பர் மோட்டார். அதற்குக் கரண்டை அளந்து கொடுக்கும் உள்ளங்கை அகலப் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர். மோட்டார் தகட்டில் 2.8 ஆம்பியர் என்று போட்டிருந்தது. டிரைவரின் பக்கவாட்டில் இருந்த குட்டி சுவிட்சுகளை முனிலட்சுமி அதற்கேற்ப வைத்தாள்.

மேனேஜர் ஸ்ரீராமுக்குப் பிடிக்கவில்லை. “ஏம்மா, நாலு வரைக்கும் இருக்குதே! ஃபுல்லா வை.”

“மோட்டாரு தாங்காதுங்க சார். சூடேறிப் போயிடும்.”

ஸ்விட்ச் போட்டதும் மோட்டார் சுற்றியது, ஆனால் எதிர்ப்பக்கம். லேபிள் பாட்டிலுக்குப் போகாமல் சுருளுக்கே திரும்பிப் போனது.

“ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா சரியாயிடும் சார். மெயினை ஆஃப் பண்ணிடலாம்.”

மெயின் ஸ்விட்ச்சை மறைத்து ‘பாதுகாப்பே முதல்’ என்ற பேனர் கட்டியிருந்தது. எச்.ஆர். ஹரீஷ்குமார் அதைத் தொடவிடவில்லை. மேடம் போட்டோ எடுத்த பிறகுதான் அவிழ்க்கலாம் என்றார்.

“ஒரு ஒயருக்கு எதுக்கு இவ்ளோ கலாட்டா?” என்று ஸ்ரீராம் கையை நீட்டினார்.

“ஆஃப் மாடி சார்!” என்று அணைக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார் ஆபரேட்டர் திம்மப்பன். அதற்குள் ஸ்ரீராம் ஒயரைப் பிடுங்கிவிட்டார். படீரென்று ஒரு பொறி. பிளாஸ்டிக் கருகிய வாடை. விரலில் காயம் இல்லை, டிரைவர்தான் போய்விட்டது.

மதியம் விசாரணைக் கூட்டம். ‘டிரைவர் சேதம்’ என்று எழுதிய ஹரீஷ்குமார், படிவத்தில் அடுத்த கட்டம் ‘டிரைவரின் லைசென்ஸ் நம்பர்’ என்று இருந்ததால் அதையும் கேட்டார். ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு, மேனேஜரை எலக்ட்ரீஷியன் போதுமான சத்தத்தில் தடுக்கவில்லை என்று கண்டுபிடித்தார்கள். முனிலட்சுமிக்குக் காது சிவந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில், ‘நான் சொன்னேன், திம்மப்பன் கத்தினார்’ என்று எழுதிவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் பெங்களூரிலிருந்து வேறு டிரைவர் வந்தது. பேனரை அவளே அவிழ்த்தாள். மெயினை அணைத்து, டிரைவரின் பச்சை விளக்கு முழுக்க அணையும் வரை நின்றாள். ஒயர் எங்கும் மெஷினின் இரும்பு பாடியைத் தொடவில்லை என்று மீட்டரில் பார்த்தாள். கரண்டை 2.8 ஆம்பியரில் வைத்தாள், ஒயரை மாற்றி முறுக்கினாள், முதலில் மெதுவாக ஓட்டினாள். அரை மணி கழித்தும் மோட்டார் சூடு அளவாகவே இருந்தது. செய்ததை வரிசையாக எழுதிப் பேனலில் ஒட்டினாள்.

ஊர் திரும்புமுன் எட்டிப்பார்த்த ரேவதி அந்தத் தாளைப் படித்தார். “யார் எழுதினது?”

“நம்ம டீம்தான் மேடம்” என்றார் ஸ்ரீராம்.

“விளக்கு அணையற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?”

“ஒரு டிசிப்ளின் மேடம்.”

ரேவதி முனிலட்சுமியைப் பார்த்தார்.

“ஆஃப் பண்ணாலும் உள்ள கொஞ்ச நேரம் கரண்ட் நிக்குங்க மேடம். அப்போ ஒயரைப் புடுங்குனா டிரைவரு போயிடும். நேத்து ஆஃப்கூட பண்ணலீங்க.”

அந்த மாதமே முனிலட்சுமி மூன்று கிளைகளுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. பாதுகாப்பு விருது மட்டும் ஸ்ரீராமுக்குப் போனது; கேடயத்தில் பெயர் முன்பே பொறித்தாகிவிட்டதாம்.

முதல் வகுப்பு சொந்தக் கம்பெனியில். ரேவதியின் உத்தரவுப்படி ஸ்ரீராமும் முன்வரிசையில் இருந்தார். முனிலட்சுமி வாயைத் திறக்குமுன்பே வருகைத் தாளை வாங்கி, ‘முழுமையாகப் புரிந்தது’ என்ற கட்டத்தில் டிக் அடித்துப் பின்னால் அனுப்பினார்.