ஐந்து நிமிட மைக்

கூட்டம் தொடங்க அரைமணி நேரம் இருக்கையில் அவர் ஒவ்வொரு மைக்காகக் குனிந்து மோந்து பார்த்துக்கொண்டே போகிறார். வாடை அடித்தால் அதன் பஞ்சுத் தொப்பியை உருவிப் பைக்குள் போட்டுவிட்டு, துவைத்த தொப்பி ஒன்றை மாட்டுகிறார். "ஆளுங்கட்சி வரிசைல சிகரெட்டு. எதிர்க்கட்சி வரிசைல இருமல் மிட்டாய். சுயேச்சைங்கதான் சுத்தம். அவங்கள யாரு பேச விட்டா?"

மாநகர மன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக மைக் இயக்குபவர். உறுப்பினர்கள் வாயில் அவர் பெயர் 'மைக்கு'. அவசரமென்றால் "யோவ் மைக்கு". மண்டபத்தின் பின்கோடியில் கண்ணாடி அடைத்த சிற்றறை அவருடையது. எழுபத்திரண்டு உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு பொத்தான். பேச ஐந்து நிமிடம். மன்றத் தலைவர் மணியடித்ததும் பொத்தானை அமுக்கிவிட வேண்டும். எப்பேர்ப்பட்ட முழக்கமும் பாதியில் ஊமையாகிவிடும். யாருக்காகவும் அவர் விரல் தயங்கியதில்லை.

இத்தனை பட்ஜெட் கேட்டவராயிற்றே, எந்தக் கட்சி தேவலை என்று புதிதாக வரும் நிருபர்கள் அவரைக் கிண்டுவார்கள். "கேக்கறது என் வேலை இல்ல தம்பி. எல்லாருக்கும் கேக்குதான்னு பாக்கறதுதான் என் வேலை" என்பார். பிறகு மனம் கேட்காமல் தானே ஆரம்பிப்பார். "ஆளுங்கட்சிக்கு ஆத்துமேல பாலம் வேணும். எதிர்க்கட்சிக்கும் பாலம் வேணும், ஆனா அவங்க தலைவர் பேர வைக்கணும். வியாபாரிங்க அணிக்கு வரி குறையணும். தொழிலாளர் அணி இருக்கே, ஏழைங்களப் பத்தி அவங்கள மாதிரிப் பேச ஆளு கிடையாது. ஓட்டெடுப்புக்கு முன்னாடி கரெக்டா எந்திரிச்சு வெளிநடப்பு பண்ணிடுவாங்க."

சிரித்துக்கொண்டே இதைச் சொன்னதெல்லாம் போன வருடம் வரைக்கும்.

அவருக்கு ஒரே மகள். இருபத்து நாலு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். உடம்பு வளர்ந்த அளவுக்கு அறிவு வளரவில்லை. மாநகராட்சியின் பகல் இல்லத்தில் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை இருப்பாள். அங்கே உறை மடித்து ஒட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்த இல்லம் இருந்ததால்தான் அவர் மன்றத்துக்கும், மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கும் போய்வர முடிந்தது. இந்த வருட பட்ஜெட் புத்தகத்தின் நூற்றுப் பதினாலாம் பக்கத்தில், 'மறுசீரமைப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் அந்த இல்லத்தை மூடியிருந்தார்கள். அந்தப் பணம் ஆற்றங்கரை அலங்கார விளக்குகளுக்குப் போனது.

அவர் யாரிடமும் எதற்கும் போய் நின்றவரில்லை. அன்று தங்கள் வட்டத்து உறுப்பினரின் வீட்டு வாசலில் மகளையும் கூட்டிக்கொண்டு நின்றார். உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர். பாப்பாவின் தலையைத் தடவிக்கொடுத்தார். "நம்ம வீட்டுப் புள்ளய்யா இது. நான் பேசறேன். மன்றமே கிடுகிடுத்துப் போகும், பாத்துக்க."

விவாத நாளில் அந்த உறுப்பினர் எழுந்தார். பாலத்துக்கு ஏன் தங்கள் தலைவர் பெயர்தான் பொருந்தும் என்று ஆரம்பித்தார். தலைவரின் சிறைவாசத்துக்கு ஒரு நிமிடம், எளிமைக்கு ஒரு நிமிடம், செருப்பில்லாமல் நடந்ததற்கு இரண்டு நிமிடம். கண்ணாடிக்குப் பின்னால் இவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான்கு நிமிடம் ஐம்பது விநாடியில் உறுப்பினர் துண்டுச்சீட்டைப் புரட்டினார். "அடுத்து, இந்தப் பகல் இல்லம்..."

மணி அடித்தது.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவர் விரல் அசையவில்லை. மன்றத் தலைவர் மறுபடி அடித்தார். கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டினார். இவர் குனிந்து எதையோ தேடுவதுபோல் இருந்துகொண்டார். மைக் சாகவில்லை என்று தெரிந்ததும் உறுப்பினரின் முகம் மலர்ந்தது. கிடைத்த நேரத்தை வீணாக்காமல், "தலைவர் அவர்களே! பாலத்தின் இரு முனையிலும் எங்கள் தலைவருக்கு வெண்கலச் சிலை..." என்று குரலை உயர்த்தினார்.

அந்தப் பொத்தானை அன்று அமுக்கியதில் நகம் பிளந்துவிட்டது.

தொழிலாளர் அணி வழக்கம்போல் முழங்கிவிட்டு வெளியேறியது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பட்ஜெட்டுக்குக் கை தூக்கினார்கள். எதிர்த்து ஒருவரும் இல்லை. மதியம் அவருக்கு மெமோ வந்தது: கடமையில் கவனக்குறைவு. சாயங்காலம் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். "நம்மளப் பத்திப் பேசினாரா?"

"பேசினாரு. நாலு வார்த்தை."

மறு வாரம் மனைவி வேலையை விட்டாள். மூன்று மாதத்தில் குடும்பம் தள்ளாடவே மறுபடி சேர்ந்தாள். இப்போது கூட்ட நாட்களில் பாப்பா அப்பாவோடு கண்ணாடி அறைக்கு வந்துவிடுகிறாள். மடிக்க உறை இல்லை. பழைய தீர்மான நகல்களை மடித்துக்கொண்டிருக்கிறாள். மண்டபத்தில் யார் கைதட்டினாலும் அவளும் தட்டுகிறாள்.

போன கூட்டத்தில் அந்த உறுப்பினர் உள்ளே வரும்போது கண்ணாடிக்குப் பின்னால் அவளைப் பார்த்துவிட்டார். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ பெருமையாகச் சொல்லிவிட்டு, சிரித்தபடி கையசைத்தார். பாப்பா முகமெல்லாம் பல்லாகிப் பதிலுக்குக் கையைத் தூக்கினாள்.  அப்பா எழுந்து, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை மெல்லச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.