ரீத்தாக்காவும் ஓடைக்குள் இருந்த செடிகளும்

ரீத்தாக்கா இறந்துவிட்டார். வியாழன் மாலை, பாலோ ஊரில், அவர் வீட்டில். மாரடைப்பு. ஐம்பதுகூட ஆகவில்லை.

பெக்கான் நானாஸ் பக்கம் சதுப்புக்குள் மின்கோபுரங்கள் போடும் வேலையில் அவர்தான் எங்கள் சுற்றுச்சூழல் அதிகாரி. நான் சர்வே பிரிவு. இருவருக்கும் ஒரே கன்டெய்னர் ஆபிஸ், ஒரே காற்றாடி.

நேற்று நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அவர் படத்தைப் போட்டிருக்கிறார்கள். 'அரிய தாவரங்களின் காவலர். புதுமையான வழிகளில் அவற்றைப் பாதுகாத்தவர்.' கீழே கமெண்டுகளில் கூப்பிய கைகள், பச்சை இலைகள்...

புதுமையான வழிகளாம். அது என்னவென்று நான் சொல்கிறேன்.

அந்தச் சதுப்பில் ஓர் ஓடை. தண்ணீர் கறுப்பு. அதற்குள் ஒரு சிறிய செடி, மலாய்க்காரர்கள் கெலாடி ஆயர் என்பார்கள். அந்த வகை வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பார்த்தால் ஒன்றுமே இல்லை. மூழ்கிக் கிடக்கும் பழுப்பு இலைகள், அவ்வளவுதான்.

கோபுரத்துக்குப் பாதை போட வந்த எக்ஸ்கவேட்டர்கள் அதன் மேல் ஏறிப் போயின. அக்கா சுற்றிலும் ஆரஞ்சு வலை கட்டினார். வலை மேலும் ஏறிப் போயின. மறுபடி கட்டினார். மறுபடி...

ஒருநாள் ஓப்பரேட்டர் மணியண்ணனை வழியில் நிறுத்திவிட்டார்.

"ஏண்ணே, வலை கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியுதும்மா. குழிக்கும் அதே வலை, குப்பைக்கும் அதே வலை. எது முக்கியம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

 மறுநாள் காலை ஓடையோரம் நான்கு கம்புகள். நான்கிலும் மஞ்சள் துணி. நடுவில் ஓர் எலுமிச்சம்பழம்.

கட்டியது அக்காதான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே வரவில்லை.

மலாய் லாரிக்காரர் அங்கே பெனுங்கு குடியிருக்கிறது என்றார், இடத்தைக் காக்கும் ஆவி. சீன ஃபோர்மேன் டத்தோ சாமி என்று கும்பிட்டார். மணியண்ணன் அந்தப் பக்கம் போனால் இஞ்சினையே மெதுவாக்கினார். வண்டிகள் எல்லாம் சுற்றிப் போயின. யாரோ ஒருவர் கோப்பி வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார், மூடியோடு.

"அக்கா, நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. இது பாவம் இல்லயா?" என்று கேட்டேன்.

"ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்லா. செடி பொழைச்சுதான்னு கேட்டாரு. பொழைச்சுதுன்னேன். சரி, அடுத்த பாவத்தச் சொல்லுன்னுட்டாரு."

தண்ணீர் வற்றிய நாட்களில் செடி பூத்தது. பலகையில் குப்புறப் படுத்துத்தான் பார்க்க முடியும். என்னையும் படுக்க வைத்தார். சேற்றுக்கு மேலே ஒரு சுண்டுவிரல் உயரம், உள்ளே கருஞ்சிவப்பு.

"யுனிவர்சிட்டில படிச்சவதானே நீ. ஏதாச்சும் சொல்லு."

"ஒண்ணும் தோணலக்கா."

"நல்லது. வாய மூடிட்டுப் பாரு."

பிறகு மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. ஆபிஸில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார். "மூடநம்பிக்கைய சைட்ல பரப்புறீங்க. இதெல்லாம் புரொஃபஷனலா?"

முதல் கோபுரத்துக்குத் தேங்காய் உடைத்தவர் இவர். புதுக் காரின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவர் இவர். நாங்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று கை தட்டினோம்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "துணி வேணாம்னா எடுத்துடறேன் சார். பாதைய மட்டும் கொஞ்சம் வளைச்சுப் போடுங்க. முதல் நாள்லேர்ந்து அதத்தானே கேக்குறேன்."

வளைத்தால் வேலை தாமதமாகும் என்றார். துணியை அக்கா கையாலேயே அவிழ்க்க வைத்தார்கள். அடுத்த வாரம் பாசிர் கூடாங் ஸ்டோருக்கு மாற்றல். பூட்ஸும் கையுறையும் எடுத்துக் கொடுக்கும் வேலை.

மணியண்ணன் அந்த இடத்தில் வண்டி ஓட்ட மாட்டேன் என்று லீவு போட்டுவிட்டார். வெளியிலிருந்து வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு காலைப்பொழுது. செடி, ஓடைக்கரை, எல்லாம் பாதைக்கு அடியில்.

அந்தப் பாதைமேல் நின்றுகொண்டு சொல்கிறார்கள்... காவலராம்.

இன்று மதியம் பாலோவுக்குப் போனேன். மேனேஜரும் வந்திருந்தார், கறுப்புச் சட்டை. அக்காவின் கணவர் ஜோசப் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்தச் செடிங்க நல்லாருக்கா? முன்னெல்லாம் வீட்டுக்கு வந்தா அதே பேச்சுதான். ஸ்டோருக்குப் போனப்புறம் அதப்பத்திப் பேசவே இல்ல."

"இருக்கு, இருக்கு. எல்லாம் சேஃப். அவங்க ஞாபகமா நாங்க பாத்துக்குறோம்."

பெட்டிக்கு முன்னால். அக்காவின் காதுக்கு எட்டும் தூரத்தில்.

"இல்லண்ணே," என்றேன். "அது மேல ரோடு போட்டுட்டாங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இதான் நேரமாம்மா?"

ஜோசப் அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் கேட்டார். "எல்லாமேவா?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்குண்ணே. அடுத்த டவர் அங்கதான் வருது."

 அவர் மேனேஜர் பக்கம் திரும்பி, மிக மரியாதையாகக் கேட்டார்: "அப்ப அங்க என்ன செய்யப் போறீங்க, சார்?"

 ஜெபம் தொடங்கியது, எல்லோரும் எழுந்து நின்றோம். ஜோசப் அண்ணன் மேனேஜர் கையை விடவில்லை.

நாளை காலை அடக்கம். போய் வாங்க, ரீத்தாக்கா.